பிரிக்கக் கூடாத மின்கலம், பிரித்துச் சொல்ல வேண்டிய பாடம்

ஒவ்வோர் ஆண்டும் மின்கலம் பாடம் வரும்போது, தீர்ந்துபோன டார்ச் செல் ஒன்றை வகுப்பில் பிரித்துக் காட்டுவது என் வழக்கம். மேலுறையைக் குறட்டால் உரித்து, துத்தநாகக் குவளை, அதனுள் இருக்கும் கருப்புக் கலவை, நடுவில் கார்பன் தண்டு என ஒவ்வொன்றாக எடுத்துச் செய்தித்தாளின் மேல் வைப்பேன். பிள்ளைகள் மேசையைச் சுற்றி மொய்த்துக்கொள்வார்கள். படத்தில் பார்த்ததைக் கண்ணால் பார்த்துவிட்ட மகிழ்ச்சி அவர்களுக்கு. பாடத்தை நன்றாக நடத்திவிட்ட நிறைவு எனக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் பாடம் நடத்திய மறுவாரம், ஒரு மாணவன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வலக்கை விரல்களில் கட்டுடன், அம்மாவோடு வந்தான். வீட்டில் கிடந்த பழைய கைபேசியின் உப்பிய பேட்டரியைக் கத்தியால் கீறியிருக்கிறான். முதலில் புகை, அடுத்த நொடியில் தீ. நல்லவேளையாக வாசலில் வீசிவிட்டான். "நீங்க சொல்லிக் குடுத்ததுன்னு சொல்றான் டீச்சர்" என்றார் அந்த அம்மா. குரலில் கோபத்தைவிடக் குழப்பமே இருந்தது. மாணவன் தலை குனிந்தபடி, "இதுக்குள்ளயும் கார்பன் குச்சி இருக்கான்னு பார்த்தேன் டீச்சர்" என்றான்.

அவன் கேள்வியில் தவறில்லை. என் பாடத்தில்தான் பாதி விடுபட்டிருந்தது. "இதைப் பிரிக்கலாம், அதைப் பிரிக்கக் கூடாது" என்று நான் சொல்லவில்லை. அதைவிட, அந்தப் பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று அவன் அன்று கேட்டிருந்தால் என்னிடம் தெளிவான பதிலும் இல்லை. அதன்பின் படித்துத் தெரிந்துகொண்டதையும், வகுப்பில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு மின்கலங்கள், இரண்டு உலகங்கள்

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆக்சிஜனேற்றம் நிகழும் முனைக்கு நம் பாடநூல்களில் நேர்மின்வாய் என்று பெயர். ஆனால் மின்கலம் மின்னோட்டம் தரும்போது அந்த முனையில்தான் கழித்தல் குறி இருக்கும். மேல்வகுப்புப் பிள்ளைகள் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். எனவே இக்கட்டுரையில் உறையில் + குறி உள்ள பக்கத்தை நேர்முனை என்றும், − குறி உள்ள பக்கத்தை எதிர்முனை என்றும் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

டார்ச் செல்லில் துத்தநாகக் குவளையே எதிர்முனை. நடுவிலுள்ள மாங்கனீசு டைஆக்சைடு கலவை நேர்முனைப் பொருள். கார்பன் தண்டு அதற்கு மின்கடத்தி. மின்பகுளி நீர் கலந்த பசை. மின்னழுத்தம் 1.5 வோல்ட். துத்தநாகம் கரையக் கரைய மின்சாரம் கிடைக்கும். கரைந்து முடிந்தால் கதை முடிந்தது.

கைபேசியின் லித்தியம் அயனி மின்கலம் ஏறத்தாழ 3.7 வோல்ட் தருகிறது. இவ்வளவு மின்னழுத்தத்தில் நீர் தாங்காது. ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். ஆகவே நீருக்குப் பதிலாக எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பானில் லித்தியம் உப்பைக் கரைத்து மின்பகுளியாக வைத்திருக்கிறார்கள். எதிர்முனை, செப்புத் தகட்டின் மேல் பூசிய கிராஃபைட். நேர்முனை, அலுமினியத் தகட்டின் மேல் பூசிய லித்தியம் கோபால்ட் ஆக்சைடு போன்ற சேர்மம். இரண்டுக்கும் இடையே தலைமுடியை விட மெல்லிய பிளாஸ்டிக் தடுப்புத்தாள். இவை அனைத்தும் சுருட்டி அல்லது மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

அந்த மாணவனின் கத்தி கிழித்தது அந்தத் தடுப்புத்தாளைத்தான். இரு முனைகளும் நேரே தொட்டுக்கொண்டால் குறுக்குச்சுற்று, அதனால் வெப்பம், வெப்பத்தில் கரைப்பான் தீப்பற்றும். சூடேறிய ஆக்சைடு தானே ஆக்சிஜனையும் வெளியிடும். பேட்டரி உப்பியிருந்தது என்றால், மின்பகுளி ஏற்கெனவே சிதைந்து உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று பொருள்.

ஊஞ்சலாடும் அயனிகள்

திருத்த வாங்கிய நோட்டுகள் நம் மேசையில் அடுக்கி இருக்கும். ஒவ்வொரு நோட்டுக்கும் இடையில் ஒரு துண்டுச்சீட்டைச் செருகலாம், உருவியும் எடுக்கலாம். நோட்டு கிழியாது. கிராஃபைட்டில் கார்பன் அடுக்குகளுக்கு இடையே லித்தியம் அயனிகள் இருப்பதும் இப்படித்தான். இதற்கு இடைச்செருகல் என்று பெயர். நேர்முனைப் பொருளும் இதேபோல் அடுக்குகளால் ஆனது.

மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து புறப்பட்டு, மின்பகுளி வழியாக வந்து கிராஃபைட்டுக்குள் செருகிக்கொள்கின்றன. எலக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியாக வருகின்றன. கைபேசியைப் பயன்படுத்தும்போது இரண்டும் திரும்பிச் செல்கின்றன. இப்படி அயனிகள் முன்னும் பின்னுமாகப் போய்வருவதை ஊஞ்சலாட்டம் என்று சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிறது.

இந்த மின்கலம் ஒரே நாளில் வந்ததல்ல. 1970களில் ஸ்டான்லி விட்டிங்காம் டைட்டானியம் டைசல்ஃபைடைக் கொண்டு இடைச்செருகல் மின்கலத்தை உருவாக்கினார். எதிர்முனையில் லித்தியம் உலோகமே இருந்ததால் தீ ஆபத்து இருந்தது. 1980இல் ஜான் குட்இனஃப் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்முனையாக்கிக் காட்டியது. 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ, லித்தியம் உலோகத்தை நீக்கிவிட்டுக் கார்பன் பொருளை எதிர்முனையில் வைத்தார். 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. அவரது நோபல் உரையை அவர் சார்பில் ஆற்றியவர் பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்வரிசையும் நிமிர்ந்து உட்காருகிறது.

ஒரு சிறு கணக்கு

கிராஃபைட் எவ்வளவு மின்னூட்டத்தைத் தாங்கும்? மேல்நிலை வகுப்பு மாணவர்களே இதைக் கணக்கிட்டு விடலாம்.

முழுதும் நிரம்பிய கிராஃபைட்டில் 6 கார்பன் அணுக்களுக்கு 1 லித்தியம். அதாவது 6 × 12 = 72 கிராம் கார்பன், ஒரு மோல் எலக்ட்ரானுக்கு இடம் தருகிறது. ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 96,485 கூலும். ஒரு ஆம்பியர் மணி என்பது 3,600 கூலும். எனவே 96,485 ÷ 3,600 = 26.8 ஆம்பியர் மணி, அதாவது 26,800 மில்லி ஆம்பியர் மணி. இதை 72ஆல் வகுத்தால் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி.

4,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதிய கைபேசிப் பேட்டரிக்கு 4,000 ÷ 372, அதாவது ஏறத்தாழ 11 கிராம் கிராஃபைட் வேண்டும். பாரடே மாறிலியை மனப்பாடம் செய்த மாணவர்கள், அது தங்கள் வீட்டுக் கைபேசிக்குள் இருப்பதை முதன்முறையாக உணரும் இடம் இது.

அடுத்த கணக்கு சிலிக்கான். அறை வெப்பநிலையில் 4 சிலிக்கான் அணுக்கள் 15 லித்தியத்தை ஏற்கும். இதே முறையில் கணக்கிட்டால் கிராமுக்கு ஏறத்தாழ 3,580 மில்லி ஆம்பியர் மணி வருகிறது. கிராஃபைட்டைப் போல 9 மடங்குக்கும் மேல். சிலிக்கானோ மணலிலிருந்து கிடைக்கும் தனிமம். "அப்புறம் ஏன் டீச்சர் இன்னும் கிராஃபைட்டை வச்சிருக்காங்க?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் நாமே கேட்க வேண்டும். ஏனென்றால் நானோ பொருள்களின் தேவை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

வெடித்த வண்டலும் சிலிக்கானும்

லித்தியம் நுழையும்போது கிராஃபைட்டின் பருமன் சுமார் 10 விழுக்காடே கூடுகிறது. சிலிக்கான் ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருக்கிறது. மின்னிறக்கத்தில் மீண்டும் சுருங்குகிறது. இப்படிச் சில முறை நடந்ததும் துகள்கள் விரிசல் விட்டு நொறுங்கி, தகட்டிலிருந்து பிரிந்துவிடும். பிரிந்த துகளுக்கு எலக்ட்ரான் போய்ச்சேர வழியில்லை, அது வீண்.

இதற்கு ஒரு செயல்பாடு. ஏரி அல்லது வாய்க்காலின் வண்டல் மண்ணைக் குழைத்து, ஒரு தட்டில் விரல் தடிமனுக்கும் இன்னொரு தட்டில் தாள் போல் மெல்லியதாகவும் பூசி வெயிலில் காயவிடுங்கள். தடித்த பூச்சு பாளம் பாளமாக வெடிக்கும். மிக மெல்லிய பூச்சு அநேகமாக வெடிக்காது. விரிசல் உண்டாக ஆற்றல் தேவை. சுருங்கும்போது தடித்த பூச்சில் சேரும் அளவுக்கு மெல்லிய பூச்சில் ஆற்றல் சேர்வதில்லை. கோடையில் வறண்ட ஏரியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது உடனே விளங்குகிறது.

சிலிக்கானுக்கும் இதுவே விதி. துகளின் விட்டம் 150 நானோமீட்டருக்குக் குறைவாக இருந்தால் முதல் மின்னேற்றத்தில் அது விரிசல் விடுவதில்லை என்பதை 2012இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே நேரடியாகக் கண்டனர். அதற்கு முன்பே, 2008இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் யி சுய் குழு, எஃகுத் தகட்டின் மேல் சிலிக்கான் நானோ கம்பிகளைப் புல் போல் வளர்த்து மின்முனையாக்கியது. கம்பிகளுக்கு இடையே வெற்றிடம் இருப்பதால் அவை பெருக்க இடம் உண்டு. ஒவ்வொரு கம்பியின் அடியும் தகட்டைத் தொட்டிருப்பதால் எலக்ட்ரானுக்கும் வழி உண்டு.

நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50,000 முதல் 1,00,000 நானோமீட்டர் என்று ஒப்பிட்டுச் சொல்லலாம்.

பாதை குறைந்தால் நேரம் எவ்வளவு குறையும்?

நானோ அளவின் இரண்டாவது பயன் வேகம். திண்மப் பொருளுக்குள் அயனி விரவிச் செல்ல ஆகும் நேரம், தொலைவின் இருமடியைப் பொறுத்தது. தொலைவின் இருமடியை விரவல் குணகத்தால் வகுத்தால் நேரத்தின் தோராய அளவு கிடைக்கும்.

ஒரு பொருளின் விரவல் குணகம் நொடிக்கு 10⁻¹⁴ சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அயனி 10 மைக்ரோமீட்டர் செல்ல 10,000 நொடி, அதாவது ஏறத்தாழ 2 மணி 47 நிமிடம் ஆகும். அதே அயனி 100 நானோமீட்டர் செல்ல ஒரே நொடி போதும். தொலைவு 100 மடங்கு குறைய, நேரம் 10,000 மடங்கு குறைகிறது. இருமடி என்பதன் வலிமையைக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. கணித ஆசிரியருடன் சேர்ந்து இதை நடத்தலாம்.

செயல்பாடாகவும் செய்யலாம். கடைகளில் சைனா கிராஸ் எனக் கிடைக்கும் கடற்பாசியைக் காய்ச்சும்போது சிறிது மஞ்சள் தூள் கலந்து உறையவிடுங்கள். அதில் 2 சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்றும், 5 மில்லிமீட்டர் கனசதுரம் ஒன்றும் வெட்டி, சலவைச் சோடா கரைசலில் போடுங்கள். காரம் உள்ளே பரவப் பரவ மஞ்சள் நிறம் வெளியிலிருந்து சிவந்துகொண்டே போகும். சிறு துண்டு நடுவரை சிவந்ததும், பெரியதை எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். நடுவில் மஞ்சள் அப்படியே இருக்கும். பக்க அளவு நான்கு மடங்கு. நேரமோ ஏறத்தாழ பதினாறு மடங்கு ஆகும். கரைசலைக் கையால் தொடாமல் கரண்டியால் எடுக்கச் சொல்லுங்கள். மின்கலத்தைத் திறக்காமலே அதனுள் நடப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க, நான் கண்ட வழி இதுதான்.

உதவாத பொருள் உதவிய கதை

1997இல் பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் ஆகியோர் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை நேர்முனைப் பொருளாக அறிமுகம் செய்தனர். இரும்பும் பாஸ்பேட்டும் மலிவானவை. கோபால்ட் தேவையில்லை. பாஸ்பரஸ்–ஆக்சிஜன் பிணைப்பு வலுவானது என்பதால், சூடேறினாலும் எளிதில் ஆக்சிஜனை வெளிவிடாது. தீ ஆபத்து குறைவு. கொள்திறன் கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர் மணி.

ஆனால் இரண்டு குறைகள். ஒன்று, எலக்ட்ரானை அது மிக மோசமாகவே கடத்தும். இரண்டு, லித்தியம் அதனுள் ஒரே திசையிலான குறுகிய வழிகளில் மட்டுமே நகரும். வயல் வரப்பில் ஒற்றையடிப் பாதை போல. நடுவில் ஒரு மாடு நின்றுவிட்டால் பின்னால் வருபவர் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். படிகத்தில் ஓர் இரும்பு அணு இடம் மாறி லித்தியத்தின் வழியில் அமர்ந்துவிட்டால் இதே நிலை. அதனால் தொடக்கத்தில் இந்தப் பொருள் மெதுவாக, அதுவும் தன் கொள்திறனில் ஒரு பகுதியை மட்டுமே தந்தது.

தீர்வு அதே நானோ அளவில் கிடைத்தது. துகளை நானோ அளவுக்குச் சிறிதாக்கினால் வரப்பு குட்டையாகிறது; வழியடைப்பின் பாதிப்பும் குறைகிறது. ஒவ்வொரு துகளின் மேலும் சில நானோமீட்டர் தடிமனில் கார்பன் பூசினால் எலக்ட்ரானுக்குச் சாலை கிடைக்கிறது. பொருளின் வேதி வாய்பாடு மாறவில்லை; அளவும் பூச்சும்தான் மாறின. மெதுவானது என்று கருதப்பட்ட பொருள், இன்று மின்சாரப் பேருந்துகளிலும் சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் அமைப்புகளிலும் ஓடுகிறது.

நானோ என்றாலே நல்லதா?

இல்லை. "நானோ" என்ற சொல்லை விளம்பரங்களில் பார்த்துப் பழகிய பிள்ளைகளிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

1 சென்டிமீட்டர் கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை 100 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் புறப்பரப்பு 60 சதுர மீட்டர். 20 அடிக்கு 20 அடி வகுப்பறை ஒன்றரைக்கும் மேல். சுண்டுவிரல் நுனி அளவுப் பொருளுக்கு இவ்வளவு பரப்பு! மின்பகுளியோடு தொடர்பு கூடுவதால் வேகம் கிடைக்கிறது. அதே காரணத்தால் வேண்டாத பக்க வினைகளும் கூடுகின்றன. முதல் மின்னேற்றத்தின்போது எதிர்முனையின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. அது காப்புப் படலம்தான். ஆனால் அது உருவாக லித்தியம் செலவாகிறது. பரப்பு கூடக் கூட அந்தச் செலவும் கூடும். சிலிக்கானில் ஒவ்வொரு முறை பெருத்துச் சுருங்கும்போதும் படலம் கிழிந்து மீண்டும் உருவாகும். அதனால்தான் இன்றும் பல மின்கலங்களில் சிலிக்கானைக் கிராஃபைட்டோடு சிறிதளவே கலக்கிறார்கள்.

இன்னொன்று, நானோ தூள் நெருக்கமாக அடையாது. படி நிறையப் பொரி அளந்தாலும் எடை குறைவாக இருப்பது போல, அதே பருமனில் குறைந்த பொருளே அடங்கும். கைபேசிக்கு இடம் முக்கியம் அல்லவா? எனவே நானோ துகள்களைச் சேர்த்து மைக்ரோமீட்டர் அளவு உருண்டைகளாக்கிப் பயன்படுத்துகிறார்கள். தயாரிப்புச் செலவும் உண்டு. நுண்தூளைச் சுவாசித்துவிடாத பாதுகாப்பும் தேவை. ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கிறோம் என்பதைக் காட்ட இது நல்ல பாடம்.

வகுப்பில் சொல்ல வேண்டியவை

உலர் மின்கலத்தை இப்போதும் நான் பிரித்துக் காட்டுகிறேன். ஆனால் அதற்கு முன் கரும்பலகையில் இவற்றை எழுதிவிடுகிறேன்:

1. கைபேசி, மடிக்கணினி, பவர் பேங்க், மின்சார வண்டி ஆகியவற்றின் பேட்டரியைக் குத்தவோ, வெட்டவோ, நசுக்கவோ, தீயில் போடவோ கூடாது.

2. உப்பிய பேட்டரியை மின்னேற்றம் செய்யக் கூடாது. அழுத்திச் சமன்செய்யவும் கூடாது. பெரியவரிடம் சொல்லி, எளிதில் தீப்பற்றும் பொருள்களுக்கு அப்பால் வைக்க வேண்டும்.

3. புகை வந்தால் கையில் எடுக்காமல் விலகி ஓட வேண்டும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும். தீயணைப்புத் துறையை 101இல் அழைக்க வேண்டும்.

4. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்பில் கொடுக்க வேண்டும். பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்களுக்குத் தந்துள்ளன.

நம் பிள்ளைகளில் சிலரின் குடும்பத்தினர் பழைய பொருள் கடைகளில் வேலை செய்கிறார்கள். இந்த நான்கும் அவர்கள் வழியாக வீட்டுக்கும் போய்ச் சேரும்.

லித்தியம் அயனி மின்கலம் பன்னிரண்டாம் வகுப்பில்தான் பாடமாக வருகிறது. ஆனால் பிள்ளைகளின் கைக்கு அது அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. தொடக்க வகுப்பில் எச்சரிக்கை மட்டும் போதும். நடுநிலையில் ஊஞ்சல் உவமையும் வண்டல் செயல்பாடும். உயர்நிலையில் புறப்பரப்புக் கணக்கும் மஞ்சள் செயல்பாடும். மேல்நிலையில் 372 கணக்கு. மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆய்வு நிறுவனம் நம் காரைக்குடியில் இருக்கிறது, அங்கே லித்தியம் மின்கலங்களும் ஆராயப்படுகின்றன என்பதையும் மேல்நிலை மாணவர்களிடம் சொல்லுங்கள்.

அந்த மாணவனின் விரல்கள் ஆறிவிட்டன. தழும்பு ஒன்று மட்டும் இருக்கிறது. மறு ஆண்டு மஞ்சள் செயல்பாட்டைச் செய்தபோது, கனசதுரங்களை வெட்டித் தரும் வேலையை அவனிடமே கொடுத்தேன். பெரிய துண்டை நடுவில் வெட்டி, சிவப்புக்குள் ஒளிந்திருந்த மஞ்சளைக் காட்டி, "உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க பேட்டரியத்தான் வெட்டணும்னு இல்ல" என்று கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு அவனே சொன்னான். நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது.